பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்

ஜன்னல் பக்கம் நீங்களே உக்காந்துக்குங்க சார். எனக்கு ஓரம் போதும். ஓரத்துல உக்காந்தாத்தான் டிரைவர் எப்படி ஓட்டறார்னு தெரியும். எந்த பஸ்சுல ஏறினாலும் நான் ரோட்டைப் பாத்துக்கிட்டேதான் வருவேன். அத்தனை பேரும் தூங்கிட்டா அப்புறம் யார் சார் பாக்கறது? ஒரு தடவை இதே ரூட்டுல ஒரு டிரைவர் வண்டியை ஓரங்கட்டிட்டு, சார், நீங்க கொஞ்சம் பின்னாடி போய் உக்காருங்க, எனக்குக் கை ஓட மாட்டேங்குதுன்னார். நல்லா ஓட்டறவனுக்கு யார் பாத்தா என்ன? நான் சொல்றது சரிதானே?

கோயமுத்தூர்தானே? நானும் அங்கதான். பேரு வைத்தீஸ்வரன். சாஃப்ட்வேர் கம்பெனியில சீனியர். பசங்க எழுதற ப்ரோக்ராமைச் சரி பாக்கறது என் வேலை. வேலைன்னு சொல்றதை விட குணம்னு சொல்லணும். ஆபீசுல ஒருத்தன் டைப் அடிச்சுக்கிட்டிருந்தா நான் போய் அவன் முதுகுக்குப் பின்னாடி நிப்பேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன். சும்மா நிப்பேன். நின்ன உடனே அவனுக்குத் தப்புத் தப்பா வரும். அப்பவே தெரியுது பாருங்க, நான் நிக்காத நேரத்துல எவ்வளவு தப்பு பண்ணியிருப்பான்னு.

வீட்டுலயும் அதே கதைதான். அடுப்புல பாலை வச்சா என் வீட்டுக்காரி என்னைச் சமையக்கட்டுப் பக்கம் விட மாட்டா. நான் பாத்துக்கிட்டு நின்னா பால் பொங்கவே பொங்காதாம். பொங்காம இருந்தா நல்லதுதானேன்னு கேட்டேன். கரண்டியாலயே வாசப்பக்கம் காட்டினா.

அத விடுங்க. இன்னிக்கு நான் எங்க போயிட்டு வரேன் தெரியுமா? மன்னிப்புக் கேக்கப் போயிட்டு வரேன். செய்யாத தப்புக்கு. முழுசாக் கேட்டுட்டு நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க. வழி நிறைய இருக்கு.

ஆத்தோரமா ஒரு சர்க்கரை ஆலை இருக்கு. பேரு வேண்டாம். வெட்டின கரும்பு லாரியிலயும் டிராக்டர்லயும் வரும். கேட்டுல ஒரு டோக்கன் நம்பர் குடுப்பாங்க. வாங்கிக்கிட்டு யார்டுல வரிசையா நிக்கணும். எடை மேடை காலியானதும் டோக்கன் ரூம்ல இருக்கறவர் ஒரு பட்டனை அழுத்துவார். போர்டுல அடுத்த நம்பர் எரியும், ஸ்பீக்கர்ல ஒரு பொம்பளைக் குரல் அந்த நம்பரைச் சொல்லும், அந்த வண்டி எடைக்குப் போகும். அவ்வளவுதான் சமாச்சாரம். அந்த ப்ரோக்ராம் எங்க கம்பெனி போட்டுக் குடுத்தது. எழுதினது ரெஜினான்னு நாகர்கோயில் பொண்ணு ஒண்ணு. கெட்டிக்காரிதான், இல்லேங்கல. ஆனா எழுதினதைப் பெரியவங்க ஒரு பார்வை பாக்கணும்னு அவளுக்குத் தோணாது.

அரவை சீசன் நடுவுல ஆலை மேனேஜர்கிட்டருந்து ஒரு புகார் வந்தது. அந்தக் குரல் ஒவ்வொரு நம்பரையும் ரெண்டு தடவை சொல்லுதாம். "நாப்பத்தி ஏழு... நாப்பத்தி ஏழு." யார்டுல யாருக்கும் அதுல சங்கடம் இல்ல. முதல் தடவை காதுல விழாதவன் ரெண்டாவது தடவை கேட்டுக்குவான். மேனேஜருக்குத்தான் பிடிக்கல, பிச்சைக்காரன் கூப்பிடற மாதிரி இருக்குன்னார். நானே போறேன்னேன். ரெஜினா சொன்னா, எதுக்கு சார் அவ்வளவு தூரம், அங்க இருக்கற டேட்டாவை ஒரு நகல் எடுத்துட்டு வந்தா ஆபீசுலயே பாத்துடலாம்னு. ஏம்மா, திருடனை போட்டோவுலயா புடிக்கறதுன்னு கேட்டேன். ஓடற ப்ரோக்ராம்லதான் பாக்கணும். லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு பஸ் ஏறிட்டேன்.

இங்க உங்களுக்கு ஒரு விஷயம் சொல்லிடறேன், இல்லேன்னா மத்தது புரியாது. டீபக்கர்னு ஒண்ணு இருக்கு. ஓடிக்கிட்டிருக்கற ப்ரோக்ராமை ஒரு இடத்துல நில்லுன்னா நிக்கும். பஸ்சை நிறுத்தற மாதிரி. நிறுத்தி வச்சுக்கிட்டு ஒவ்வொரு படியா நகத்தலாம், ஒரு அடி போ, நில்லு, இன்னொரு அடி போ, நில்லுன்னு. அதுல பக்கத்துல ஒரு பெட்டி இருக்கு, வாட்ச் விண்டோம்பாங்க. அதுல நாம எதை எழுதி வைக்கறோமோ, ப்ரோக்ராம் நிக்கறப்பெல்லாம் அதோட இப்போதைய மதிப்பைக் காட்டும். எத்தனை லாரி நிக்குது, இப்ப எந்த நம்பர், அடுத்து எந்த நம்பர், எதை வேணும்னாலும் போட்டு வச்சுப் பாத்துக்கிட்டே இருக்கலாம். அந்தப் பெட்டியைக் கண்டுபுடிச்சவன் என் இனம் சார். சில பேர் அதுல ஒண்ணு ரெண்டு போடுவாங்க. நான் போட்டா முழ நீளத்துக்குப் போகும்.

டோக்கன் ரூம்ல இருந்தவர் அர்த்தநாரி. யார்டு சூப்பர்வைசர். அம்பதைத் தாண்டினவர், நரைச்ச மீசை, வெள்ளைச் சட்டை. வாங்க சாருங்கன்னு நாற்காலியைத் துடைச்சுப் போட்டார். ரொம்ப மரியாதை. அப்பவே எனக்கு லேசா உறுத்திச்சு. இவ்வளவு மரியாதை எதுக்குன்னு.

லேப்டாப்பை அவங்க கம்ப்யூட்டரோட இணைச்சேன். குரல் பேசற இடத்துல ப்ரோக்ராம் நிக்கற மாதிரி பண்ணினேன். வாட்ச் பெட்டியில வரிசையா எழுதினேன். கடைசியில, அடுத்து வரப் போற நம்பர் எதுன்னு தெரியணுமில்லையா, ரெஜினா எழுதியிருந்ததுல 'அடுத்தது'ங்கற பேருல ஒரு சின்னப் பகுதி இருந்தது. அதையும் எடுத்துப் போட்டேன். டக்குனு பக்கத்துல நம்பர் வந்துது. ஒரு அடி நகத்தினேன். வேற நம்பர் வந்துது. இன்னொரு அடி. இன்னொரு நம்பர். ஆகா, எவ்வளவு உயிரோட்டமா இருக்குன்னு நினைச்சேன்.

கொஞ்ச நேரத்துல வெளியில சலசலப்பு. நாப்பத்தி ஏழு போச்சு, அடுத்தது அம்பத்திரண்டு கூப்பிடறாங்க, நடுவுல நாங்க எங்க போனோம்னு நாலு டிரைவர் வந்து நிக்கறாங்க. அர்த்தநாரி பட்டனைப் பாக்கறார், என்னைப் பாக்கறார். இந்த மாதிரி எப்பவும் ஆனதில்லைங்க சாருங்கன்னார். நான் மனசுல என்ன நினைச்சேன் தெரியுமா? எப்பவும் ஆகியிருக்கும்யா, பாக்கத்தான் ஆள் இல்ல.

குரல் ரெண்டு தடவை சொல்றதெல்லாம் எனக்கு மறந்தே போச்சு. அது சின்ன விஷயம். நம்பர் காணாமப் போறது பெரிய விஷயம். ஒவ்வொரு படியா நகத்தி நகத்திப் பாத்தேன். எவ்வளவு உன்னிப்பாப் பாத்தேனோ அவ்வளவு நம்பர் காணாமப் போச்சு. மேலோட்டமாப் பாத்திருந்தா இதுல பாதி கூட வெளிய வந்திருக்காது சார்.

அன்னிக்கு மத்தியானம் ஒரு அம்மா வந்தாங்க. தெய்வாத்தாள்னு பேரு. சொந்தக் கரும்பு, சொந்த டிராக்டர், தானே கூட வந்திருக்காங்க. முந்தின நாள் வெட்டினது. கரும்பு வெட்டிட்டா உடனே எடை போட்டுடணும், வெயில்ல நிக்க நிக்கக் காஞ்சு எடை இறங்கிடும். கதவுகிட்ட நின்னுக்கிட்டு, "ஏனுங் சார், என்ற நம்பரு எப்பங்க வரும்?"னு கேட்டாங்க. எனக்குப் பாவமா இருந்தது. உள்ள கூப்பிட்டேன். வாட்ச் பெட்டியில அந்த நேரம் அவங்க நம்பரே நிக்குது. இங்க பாருங்கம்மா, உங்க நம்பர் என் கண்ணு முன்னாடியே இருக்கு, கவலைப்படாதீங்க, நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்னேன். அவங்க கையெடுத்துக் கும்பிட்டாங்க. அடுத்த படிக்கு நகத்தினேன். நம்பர் போயிடுச்சு. கண்ணு முன்னாடியே களவு.

அன்னிக்கு முழுக்க அந்த நம்பரைக் கூப்பிடவே இல்ல. மறுநாள் காலையிலயும் அந்த அம்மா அதே இடத்துல டிராக்டர் நிழல்ல உக்காந்திருந்தாங்க. வண்டியில கரும்புத் தோகை வெளுத்துப் போயிருந்தது.

ரெஜினாவுக்கு போன் பண்ணிச் சொன்னேன், உன் ப்ரோக்ராம்ல யாரோ கை வைக்கறாங்கம்மான்னு. அவ ஒரு கேள்வி கேட்டா. நல்ல கேள்விதான், நான் மறுக்கல. நீங்க டீ குடிக்க எழுந்து போறப்ப நம்பர் காணாமப் போகுதா சார்னு கேட்டா. எழுந்து போறப்ப நான் நிறுத்தி வச்சதையெல்லாம் எடுத்து விட்டுட்டு, ஓடுன்னு விட்டுட்டுத்தான் போவேன். யோசிச்சுப் பாத்தேன். இல்ல. டீக்குப் போன நேரத்துல ஒரு நம்பர் கூடத் தப்பல. வரிசையா, அழகா, ஒண்ணு விடாமப் போயிருக்கு. கேண்டீன்ல உக்காந்திருக்கறப்ப ஸ்பீக்கர்ல என் காதாலயே கேட்டிருக்கேன்.

அப்பத்தான் சார் எனக்குப் பொறி தட்டிச்சு. நான் டீக்குப் போறப்பெல்லாம் கூட யார் வந்தது? அர்த்தநாரி. வாங்க சாருங்க, ஒரு டீ சாப்பிட்டு வரலாம்னு கூட்டிக்கிட்டுப் போறதே அவர்தான். அவர் ரூம்ல இல்லாதப்ப, பட்டனை எடை மேடைப் பையன் ஒருத்தன் வந்து அழுத்துவான். அப்ப எல்லாம் ஒழுங்காப் போகுது. அவர் ரூம்ல இருந்தா நம்பர் காணாமப் போகுது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

ரெஜினா போன்ல, சார் சார், ஒரு நிமிஷம், உங்க வாட்ச்ல என்ன போட்டிருக்கீங்கன்னு படிச்சுச் சொல்லுங்கன்னா. அதெல்லாம் அப்புறம்மான்னு வச்சுட்டேன். தீப்பிடிச்ச வீட்டுல நின்னுக்கிட்டு வாட்ச்சைப் படிச்சுக் காட்டச் சொல்றா.

மேனேஜரை நேரா யார்டுக்கே வரச் சொன்னேன். நாலு சுவத்துக்குள்ள சொல்லியிருக்கலாம்னு இப்ப எல்லாரும் சொல்றாங்க. ஒளிச்சு மறைச்சுப் பேசறது என் பழக்கம் இல்ல. உங்க சூப்பர்வைசர் டோக்கனை எடுத்து வேண்டியவங்களுக்குக் குடுக்கறார், என்கிட்ட ஆதாரம் இருக்குன்னேன். கொஞ்சம் சத்தமாச் சொல்லிட்டேன் போல. சுத்தி நின்ன டிரைவருங்க காதுல விழுந்துடுச்சு. ரெண்டு நாளா வெயில்ல நிக்கறவங்க, கோபம் இருக்காதா? ரெண்டு மூணு பேர் அவசரப்பட்டு ரூமுக்குள்ள போய் அவரைப் புடிச்சு வெளிய இழுத்தாங்க. சட்டை கிழிஞ்சு போச்சு. பழைய சட்டைதான்.

அர்த்தநாரி சண்டை போடல. கத்தல. கிழிஞ்ச சட்டையை ஒரு கையால சேத்துப் புடிச்சுக்கிட்டு நின்னார். அந்த தெய்வாத்தாள் அம்மா கூட்டத்தை விலக்கிக்கிட்டு வந்து அவர் எதிர்ல நின்னாங்க. "ஏனுங் அர்த்தநாரி, நீங்களாங்க?"ன்னு கேட்டாங்க. மெதுவாத்தான் கேட்டாங்க. அவர் வாயைத் திறந்தார், சத்தம் வரல. கண்ணுல மட்டும் தண்ணி வந்துது. நானும் அதை உன்னிப்பாப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். மடியில கனம் இல்லாதவனுக்கு வழியில என்ன பயம் சார்? இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?

அவரை சஸ்பெண்ட் பண்ணி வீட்டுக்கு அனுப்பினாங்க. மேனேஜர் எனக்குக் கை குடுத்தார்.

அடுத்த நாள் அவர் இடத்துல வேற ஒருத்தர் உக்காந்தார். நான் வழக்கம் போல லேப்டாப்பைத் திறந்தேன். நகத்தினேன். நம்பர் போச்சு. இன்னொண்ணும் போச்சு. ஆள் வீட்டுல இருக்கார், களவு மட்டும் நிக்கல. வேற யாரா இருந்தாலும் குழம்பிப் போயிருப்பாங்க. நான் குழம்பல. அவருக்கு உள்ள ஆள் இருக்குன்னு புரிஞ்சுக்கிட்டேன். புதுசா வந்தவரை ஒரு பார்வை பாத்தேன். மனுஷன் நாற்காலியை அந்தப் பக்கமாத் தள்ளிப் போட்டுக்கிட்டார். டீ வேணுமான்னு கேட்டேன், வேண்டாம்னுட்டார். அதுவும் சந்தேகமாத்தான் இருந்தது.

மத்தியானத்துக்கு ரெஜினா வந்து இறங்கிட்டா. நான் வரச் சொல்லல. எங்க எம்.டி.கிட்ட நேரா பேசிட்டு வந்திருக்கா. யாருக்கும் வணக்கம் கூடச் சொல்லல, நேரா என் பக்கத்துல வந்து ஸ்க்ரீனைப் பாத்தா. வாட்ச் பெட்டியை மேலருந்து கீழ வரைக்கும் படிச்சா. கடைசி வரிக்கு வந்ததும் நெத்தியில கையை வச்சுக்கிட்டா. சார், இதை நீங்களா போட்டீங்கன்னு கேட்டா. ஆமாம்மா, அடுத்து யாருன்னு தெரிய வேணாமான்னேன். அவ அந்த ஒரு வரியை மட்டும் அழிச்சா. அழிச்சுட்டு, இப்ப பட்டனை அழுத்துங்கன்னு அந்தப் புது ஆளுக்குச் சொன்னா. ஒரு நம்பர் வந்துது. அடுத்தது, அதுக்கு அடுத்த நம்பர். அதுக்கு அடுத்தது, அதுக்கு அடுத்தது. ஒண்ணு கூட விட்டுப் போகல. என் பெட்டி அங்கயேதான் இருக்கு, நான் அங்கயேதான் இருக்கேன்.

அப்புறம் எல்லார் முன்னாடியும் எனக்குப் பாடம் எடுத்தா. "சார், நீங்க எழுதி வச்சது 'அடுத்தது யாரு'ங்கற கேள்வி இல்ல. 'வரிசையில அடுத்தவரை எடுத்து வெளிய அனுப்பு'ங்கற உத்தரவு. ப்ரோக்ராம் நிக்கறப்பெல்லாம் உங்க பெட்டி அந்த உத்தரவை ஒரு தடவை போட்டுக்கிட்டே இருந்திருக்கு. பந்தியில அடுத்து யார் உக்காரப் போறாங்கன்னு பாக்கறதுக்காக, ஒவ்வொருத்தரா எழுப்பி மண்டபத்துக்கு வெளிய விட்ட மாதிரி."

அப்படியே இருக்கட்டும்னு வச்சுக்குவோம். அப்ப டீக்குப் போனப்ப ஏன் போகலன்னு கேட்டேன். அப்ப நீங்க நிறுத்தல, அதனால பெட்டி வேலை செய்யலங்கறா. எதைக் கேட்டாலும் ஒரு பதில் வச்சிருக்கா சார்.

இன்னொரு கூத்தையும் கேளுங்க. எதுக்காக நான் அங்க போனேன்? குரல் ரெண்டு தடவை கேக்குதுன்னு. அது ப்ரோக்ராமே இல்லையாம். எதிர்ல புதுசா ஒரு சர்க்கரை குடோன் கட்டியிருக்காங்க. ஸ்பீக்கர் சத்தம் அந்தச் சுவத்துல பட்டுத் திரும்புதாம். ரெஜினா ஒரு ஆளை ஏத்தி ஸ்பீக்கரைக் கொஞ்சம் திருப்பி வைக்கச் சொன்னா. நின்னு போச்சு. அப்போ என்னை எதுக்கு சார் அங்க அனுப்பினாங்க? நானேதான் கேட்டுப் போனேன், அது வேற.

காணாமப் போன நம்பரையெல்லாம் அவ யார்டுல வண்டி வண்டியாப் போய் விசாரிச்சு எழுதிக்கிட்டு வந்து திரும்ப வரிசையில சேத்தா. தெய்வாத்தாள் அம்மா வண்டிக்கு அன்னிக்கு சாயங்காலம்தான் எடை ஆச்சு. எடை இறங்கியிருக்கும்தான். அந்த அம்மா என் பக்கம் திரும்பவே இல்ல. நான் ஜன்னல்லருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன், ஒரு தடவை நிமிந்து பாத்திருந்தா ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லியிருப்பேன்.

எம்.டி. என்னைக் கூப்பிட்டு, நீங்களே நேர்ல போய் அந்த மனுஷன்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வாங்க, இல்லேன்னா வேற கம்பெனி பாத்துக்குங்கன்னுட்டார். பாக்கறது ஒரு குத்தமா சார்? நான் எதையாவது தொட்டேனா? எடுத்தேனா? பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அதைத்தான் எம்.டி.கிட்டயும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழட்டி மேஜை மேல வச்சுட்டு, எப்ப கிளம்பறீங்கன்னார்.

அதான் இன்னிக்குப் போனேன். ஆலைக்குப் பின்னாடி குவார்ட்டர்ஸ். அர்த்தநாரியோட சம்சாரம்தான் கதவைத் திறந்தாங்க. வாங்கன்னாங்க. அந்தப் பக்கத்துல விரோதி வந்தாலும் வாங்கம்பாங்க, செம்புல தண்ணி குடுப்பாங்க. குடுத்தாங்க. ஆலையில அவரைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டுட்டாங்களாம். ஆனா டோக்கன் ரூமுக்குப் போக மாட்டேன்னுட்டாராம். கரும்பு நாத்துப் பண்ணையில போடுங்கன்னு கேட்டு வாங்கிக்கிட்டாராம். இப்ப நாத்துக்குத் தண்ணி பாச்சறதுதான் அவர் வேலை. டீக்கடைக்குக் கூடப் போறதில்லைங்க, நாலு பேரு பாக்கறாங்கன்னு சொல்றாருங்கன்னு அந்த அம்மா சொன்னாங்க. பாத்தா என்ன சார்? பாக்கறதுக்குப் பயந்தா மனுஷன் வாழ முடியுமா?

அவர் வந்தார். எதிர்ல உக்காந்தார். நான் வழியெல்லாம் யோசிச்சு வச்சிருந்த மாதிரியே சொன்னேன். அன்னிக்கு நடந்ததுக்கு ரொம்ப வருத்தப்படறேன்னேன். பக்குவமாத்தானே சொல்லியிருக்கேன்? அவர் என்னைப் பாத்து ஒண்ணே ஒண்ணு கேட்டார்.

"தானா நடந்துச்சுங்களா, நீங்க நடத்துனீங்களா?"

இலக்கணம் பேசறார். விஷயம் புரியாமத்தான் இப்படிக் கேக்கறார்னு தோணிச்சு. லேப்டாப் கொண்டு போயிருந்தேன், நல்லவேளை. திறந்தேன். இதுதான் அந்தப் பெட்டிங்க, இதுல இப்படி எழுதினா இந்த மாதிரி காட்டும், என் இடத்துல யார் இருந்தாலும் உங்களைத்தான் சந்தேகப்பட்டிருப்பாங்க, வாங்க காட்டறேன்னேன். அவர் எழுந்து அந்த ஸ்க்ரீன் தெரியாத பக்கமாப் போய், சுவர் ஓரமா உக்காந்துக்கிட்டார். வெளிச்சம் கண்ணைக் கூசியிருக்கும்.

அந்த நேரம் பாத்து ரெஜினா போன் பண்ணினா. மன்னிப்புக் கேட்டாச்சான்னு எம்.டி. பாக்கச் சொல்லியிருப்பார். எங்களை நம்ப மாட்டாங்க சார், பின்னாடியே ஆள் வச்சுப் பாப்பாங்க. என்ன கம்பெனியோ. அவர்கிட்ட குடுங்கன்னா. ஸ்பீக்கர்ல போட்டு நீட்டினேன்.

அவ சொன்னதை அப்படியே சொல்றேன் கேளுங்க. "அண்ணா, நான் ரெஜினா பேசறேன். அந்தப் பகுதிக்கு 'அடுத்தது'ன்னு பேர் வச்சது நான். அதுக்குள்ள வரிசையிலருந்து ஆளை எடுக்கற வேலை இருக்கு, பேருல அது தெரியல. பேரைச் சரியா வச்சிருந்தா யாரும் அதைப் பாக்கறதுக்குன்னு எடுத்துப் போட்டிருக்க மாட்டாங்க. என் தப்பும் இதுல இருக்குண்ணா. மன்னிச்சிடுங்க."

கேட்டீங்களா? அவ வாயாலயே சொல்லிட்டா. நான் முதல்லருந்து இதைத்தானே சொல்லிக்கிட்டிருக்கேன்? பேர் வச்சது அவ. அர்த்தநாரி முகத்தைப் பாத்தேன், நல்லாப் பாத்தேன். உண்மை அவருக்கும் புரிஞ்சிடுச்சு. முகமே மாறிப் போச்சு. போனை என் கையிலருந்து வாங்கி ஸ்பீக்கரை அணைச்சு, காதுல வச்சுக்கிட்டார். கண்ணு கலங்கிடுச்சு. அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மணி, நீ என்ன பண்ணுவ, சாப்டியான்னு, பெத்த பொண்ணுகிட்டப் பேசற மாதிரி ரொம்ப நேரம் பேசினார். அந்தப் பக்கம் வந்தா வீட்டுக்கு வரணும்னு சொன்னார். தப்பு பண்ணினவகிட்ட இவ்வளவு பிரியமான்னு எனக்கே ஆச்சரியமா இருந்தது.

பேசி முடிச்சுட்டு போனைத் துடைச்சு என்கிட்டக் குடுத்தார். நான் அப்பவும் விடல, அப்ப நமக்குள்ள எல்லாம் சரியாயிடுச்சுங்களான்னு கேட்டேன்.

"சொல்ல வேண்டியவங்க சொல்லிட்டாங்க. நீங்க மோர் குடிச்சுட்டுக் கிளம்புங்க."

அப்படிச் சொல்லிட்டு, நாத்துக்கு மடை மாத்தணும்னு மண்வெட்டியை எடுத்துக்கிட்டுப் பின்வாசல் வழியாப் போயிட்டார். மேற்கொண்டு ஒரு வார்த்தை கோபமாப் பேசல, பெரிய மனசு. அவர் சம்சாரம் மோர் கொண்டு வந்து வச்சாங்க. கருவேப்பிலை போட்டு, பெருங்காயம் போட்டு, பானையிலருந்து எடுத்தது. ரெண்டு டம்ளர் குடிச்சேன். மனசுல வஞ்சம் இருக்கறவன் வீட்டு மோர் அவ்வளவு குளிர்ச்சியா இருக்குமா சார், நீங்களே சொல்லுங்க.